வயலிலிருந்து வாசலுக்கு

ஐப்பசிப் பௌர்ணமியன்று தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்பவர்கள் பெருவுடையாரைக் கல்லாகக் காண்பதில்லை. வெண்ணிற அன்னமாகவே காண்கிறார்கள். மூட்டை மூட்டையாக அரிசி வடித்து, ஆற்றி, திருமேனி முழுவதும் சாத்தி, அதன்மேல் காய்கறிகளும் கனிகளும் அடுக்குவது அன்னாபிஷேகம். கங்கைகொண்ட சோழபுரத்திலும் அன்று இதே காட்சிதான். மாட்டுப் பொங்கல் நாளில் அதே பெரிய கோயிலில் மகாநந்திக்குக் காய்கறி, பழம், இனிப்பு ஆகியவற்றால் அலங்காரம் செய்து, எதிரே 108 பசுக்களை நிறுத்திக் கோபூஜை நடத்துகிறார்கள். பொன்னும் பட்டும் குறைவில்லாமல் கண்ட இக்கோயில், ஆண்டில் சில நாள்களேனும் வயல் விளைவித்ததையே ஆபரணமாக ஏற்றுக்கொள்கிறது.

காவிரிப் படுகை வீடுகளில் தொன்றுதொட்டு இருந்துவந்த அலங்காரமும் இந்த வழியைச் சேர்ந்ததே. வாசலில் அரிசி மாவு, நிலையில் குருத்தோலை, முற்றத்து உத்தரத்தில் நெற்கதிர்க் கொத்து, நவராத்திரியில் களிமண் பொம்மை, பொங்கலுக்கு நெட்டி மாலை என இவற்றில் ஒன்றும் கடையிலிருந்து வந்ததில்லை. வயலும் வாய்க்காலும் குளமும் கொடுத்தவற்றைப் பெண்களும் பிள்ளைகளும் திண்ணையில் அமர்ந்து கைவேலையாக மாற்றினார்கள். இன்று அந்த இடங்களில் ஒட்டுத்தாள் கோலமும், நெகிழி மாவிலைத் தோரணமும், நிறம் மங்காத துணிப்பூ மாலையும் அமர்ந்திருக்கின்றன. அவற்றை வாங்குபவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் நேரம் எங்கே இருக்கிறது? ஆயினும் ஒரு விடுமுறைப் பிற்பகல் கையில் இருந்தால், அதில் செய்து முடிக்கக்கூடியவை சில உண்டு. எப்படிச் செய்வது என்பதை அறிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுச் செய்து பார்த்துவிடுவது நல்லது.

கதிர்க்கொத்து

இவற்றுள் முதலிடம் நெற்கதிருக்குத்தான். அறுவடையின் முதல் கதிர்களைக் கொத்தாகக் கட்டிக் கோயில் மண்டபத்திலும் வீட்டு முற்றத்திலும் தொங்கவிடும் வழக்கம் தமிழகம் எங்கும் இருந்தது. மகாலட்சுமி வாசலில் நிற்கிறாள் என்பது வீட்டாரின் நம்பிக்கை; சிட்டுக்குருவிக்கு உணவு என்பது கண்கண்ட பயன். நாஞ்சில் நாட்டில் இது கோயில் விழாவாகவே நிலைபெற்றிருக்கிறது. கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயில் முதலிய தலங்களில் நிறைபுத்தரிசி நாளில் புதுக்கதிர்க் கட்டுகளை இறைவன் திருமுன் வைத்துப் பூஜித்து, அடியார்களுக்குப் பிரசாதமாகத் தருகிறார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுசென்று தொங்கவிடுகிறார்கள்.

கடல் கடந்தும் இந்த வழக்கத்திற்கு உறவுகள் உண்டு. பாலித் தீவிலும் சாவகத்திலும் நெல்லின் தெய்வத்திற்குப் பெயர் தேவி ஸ்ரீ. நம் திருமகளின் பெயரே அங்கு வயலில் வாழ்கிறது. நெற்கதிரையும் பனையோலையையும் கொண்டு அத்தேவியின் உருவைச் சிறிதாகச் செய்து வழிபடுகிறார்கள். ஜப்பானியர் புத்தாண்டில் வைக்கோற் புரியைப் பின்னி வாசலில் கட்டுகிறார்கள். இங்கிலாந்தின் கிராமங்களில் கடைசிக் கோதுமைக் கட்டிலிருந்து தாளைப் பின்னிப் பொம்மை செய்து, அடுத்த உழவு வரை வீட்டில் காத்து வைத்தார்கள். தானியம் விளைந்த இடங்களிலெல்லாம் மனிதனுக்கு அதைப் பின்னித் தொங்கவிட்டுப் பார்க்கத் தோன்றியிருக்கிறது.

செய்முறை கடினமன்று, பருவம்தான் முக்கியம். மணிகளில் முக்கால் பங்கு மஞ்சளாகி, தாளில் சிறிது பசுமை எஞ்சியிருக்கும்போதே கதிரை அறுத்துவிட வேண்டும். முழுதும் காய்ந்தபின் அறுத்தால் பின்னும்போது தாள் ஒடியும், மணியும் உதிரும். கதிரோடு சேர்த்து ஒன்றரை அடி நீளமாவது தாள் இருக்கும்படி அரிவாளால் அறுத்து, இலையையும் உறையையும் உரித்து நீக்கிவிட்டால் உள்ளே வழவழப்பான பொன்னிறத் தண்டு தெரியும். கதிருக்கு நேர் கீழே உள்ள கணுவிடைப் பகுதிதான் பின்னுவதற்கு ஏற்றது. கைப்பிடி அளவாகக் கட்டி, கதிர் கீழ்நோக்கித் தொங்கும்படி நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும்.

பின்னத் தொடங்குமுன் தாள் பகுதியை மட்டும் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவிட வேண்டும். கதிர் நனையலாகாது, நனைந்தால் பூசணம் பிடிக்கும். இருபது தாள் கொண்ட ஒரு பிடியை எடுத்து, கதிர் தொடங்கும் கழுத்தருகே வாழைநாரால் இறுகக் கட்ட வேண்டும். மேலே உள்ள தாள்களை மூன்று பிரிவாக்கிச் சடை பின்னுவது போலவே பின்னி, நுனியை வளைத்து அதே கழுத்தில் கட்டினால் தொங்கவிட ஒரு வளையம் அமைந்துவிடும். பெண் குழந்தைக்குத் தலை பின்னத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. இப்படி ஏழு அல்லது ஒன்பது கொத்துகளை ஒரு கயிற்றில் கோத்தால் அது நிலைவாசலுக்குத் தோரணம். ஒரு மூங்கில் வளையத்தைச் சுற்றி நெருக்கமாகக் கட்டி, அதனடியில் இன்னும் சிறிய வளையம் ஒன்றையும் அவ்வாறே கட்டித் தொங்கவிட்டால் பூஜை அறைக்குச் சரவிளக்குப் போன்ற ஓர் அலங்காரம் கிடைக்கும்.

அந்துப்பூச்சி வராமலிருக்க, கட்டும்போதே நடுவில் சில நொச்சி இலைகளைச் செருகிவிடுவது உண்டு. குதிரில் நெல் கொட்டும்போது செய்த அதே உபாயந்தான். எலி ஏறாமலிருக்க, கயிற்றில் தொங்கவிடாமல் மெல்லிய கம்பியில் தொங்கவிட வேண்டும். கொசுவலை அடித்த முற்றத்தில் குருவி வர வழியில்லை. அத்தகைய வீட்டார் பால்கனியின் வெளிப்புறத்தில் தொங்கவிடலாம்.

இனி, தஞ்சைச் சீமையிலேயே கதிருக்குத் தட்டுப்பாடு ஏன் என்று நகரத்து அன்பர்கள் வியக்கக்கூடும். கண்ணுக்கெட்டிய தூரம் வயலாக இருக்கும் ஊரில் ஒரு பிடி கதிர் கிடைக்காதா? கிடைப்பது உண்மையிலேயே அரிதாகி வருகிறது. அறுவடைக்கு ஆள் கிடைக்காத காரணத்தால் இன்று படுகையின் பெரும்பகுதி இயந்திரத்தாலேயே அறுக்கப்படுகிறது. சேற்றிலும் இறங்கும் சங்கிலிச் சக்கர வண்டி ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிவருவதற்குள் கதிர் வேறு, தாள் வேறு, மணி வேறாகப் பிரிந்துவிடுகிறது. நெல் நேரே டிராக்டருக்கும், அங்கிருந்து நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கும் போகிறது. கட்டுக் கட்டிக் களத்துக்குச் சுமந்து வரும் வேலை இல்லை. ஆகவே களத்தில் தங்கும் முழுக்கதிரும் இல்லை. இயந்திரத்தைக் குறை கூறுவது நியாயமாகாது. மழைமேகம் சூழ்ந்த நாளில், விளைந்த பயிரை ஒரே பகலில் கரையேற்றித் தருவது அதுதான். ஆனால் அது கதிரைக் கதிராக விட்டுவைப்பதில்லை.

ஒரு சிறு வழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. வண்டி வயலில் இறங்கவும் திரும்பவும் இடம் வேண்டி, வரப்போரத்திலும் மூலையிலும் சிறிது பயிரைக் கையால் அறுத்துக் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. அந்த மூலைக்கதிர்தான் இன்று தோரணத்துக்குக் கிடைக்கும் கதிர்.

நெல்லின் இரகமும் ஒரு காரணம். குட்டையான புதிய இரகங்களின் தாள் சடை பின்னப் போதுவதில்லை. மாப்பிள்ளைச் சம்பா இடுப்பளவைத் தாண்டி வளரும்; காட்டுயானம் என்ற இரகமோ யானையே மறையும் உயரம் என்று பெயர் பெற்றது. இத்தகைய பழைய நெல் வகைகளில் 170-க்கும் மேற்பட்டவற்றைத் தேடிச் சேர்த்து, திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, விதையை உழவர்களிடம் பரப்பியவர் நெல் ஜெயராமன். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் பரப்பிய விதையை விதைக்கும் உழவர்கள் படுகை மாவட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள். தோரணக் கதிருக்கு முதலில் அணுக வேண்டியவர்கள் அவர்களே. அவர்களது தாள் நீளம். பயிர் சாயும் தன்மையுடையது என்பதால் பலர் இன்றும் கையாலேயே அறுக்கிறார்கள்.

மாக்கோலம்

கோலத்தைப் பற்றி இந்தப் படுகையில் யாருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே சில குறிப்புகள் மட்டும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய்போல் அரைத்து, மோர்ப் பதத்துக்குக் கரைத்து, ஒரு சிறு துணியை அதில் நனைத்து விரல்களுக்குள் அடக்கி, மோதிர விரல் வழியே இழியவிடுவது மாக்கோலம். துணியை அழுத்தும் அளவில்தான் இழையின் கனம் இருக்கிறது. இழைகள் இரட்டையாக ஓட வேண்டும். சுற்றிலும் காவிக் கரை கட்டினால்தான் கோலம் நிறைவு பெறும். சிராத்த நாளில் காரியம் முடியும்வரை வாசலில் கோலமிடுவதில்லை என்பதையும் இளம் பெண்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஒட்டுத்தாள் கோலம் ஒட்டியிருக்கும் வீட்டில் இந்த மரபைக் காப்பது எப்படி என்று தெரியவில்லை.

பழைய காவித் தரையில் மாக்கோலம் பளிச்சென்று எழுந்து நிற்கும். வழுவழுப்பான பளிங்கு ஓட்டில் அது தோற்றுப்போகிறது. ஈரத்தில் காலும் வழுக்கும். அத்தகைய வீடுகளில் ஒரு சதுர மனைப்பலகைக்குக் காவி பூசி, அதன்மேல் மாக்கோலமிட்டுச் சுவாமி முன் வைத்துக் கொள்வது பொருத்தமாக இருக்கும். காய்ந்த கோலம் பல நாள் அழியாது. கல்மாவுக் கோலப்பொடி எறும்புக்கு உதவாது. அரிசி மாவே உதவும். பூதயக்ஞம் என்று சாஸ்திரம் சொல்வது இதைத்தான்.

புள்ளி வைத்து இழை ஓட்டும் இந்த வேலையில் ஆழ்ந்த கணிதம் இருப்பதைக் கல்வியுலகம் கண்டுகொண்டது 1970களில். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும், கணினி மொழிகளை ஆராயும் இலக்கண முறையைக் கோலத்துக்குப் பொருத்தி 1974-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். விடியலில் குனிந்து கோலமிட்ட பெண்கள் வரைந்த இழைகள் இவ்வாறு கணினி அறிவியலின் பாடமாயின.

கூழும் களிமண்ணும்

நவராத்திரி வந்தால் தஞ்சை வீடுகளில் தலையாட்டிப் பொம்மைக்குத் தனியிடம் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற கைவினை இது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிமிர்ந்து நிற்கும் ராஜாவும் ராணியும் ஒரு வகை. இடுப்பும் கழுத்தும் தனித்தனியே ஆடும் நர்த்தகி மற்றொரு வகை. கலைகளைப் போற்றிய இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தோடு இப்பொம்மையைத் தொடர்புபடுத்திச் சொல்வார்கள். புன்னைநல்லூர் மாரியம்மனைத் தரிசித்துத் திரும்புவோர் குழந்தைகளுக்கு இதை வாங்கிச் செல்வது நெடுநாள் வழக்கம். அங்கே கருவறையில் இருக்கும் அம்மனே புற்றுமண்ணால் ஆனவள்; சதாசிவ பிரம்மேந்திரர் திருக்கரத்தால் உருவம் பெற்றவள் என்பது தல வரலாறு. மண் திருமேனி என்பதால் மூலவருக்கு நீரால் அபிஷேகமில்லை. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மண்டலம் தைலக்காப்பு நடைபெறுகிறது. வெளியே மண் பொம்மை விற்பதும் உள்ளே மண்ணே தெய்வமாக அமர்ந்திருப்பதும் ஒரே ஊரில்!

நர்த்தகிப் பொம்மை செய்வது தொழில் அறிந்தவர் வேலை. சாய்ந்து நிமிரும் எளிய பொம்மையை வீட்டிலேயே செய்யலாம். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விடுமுறைப் பொழுதுபோக்கு அமைவது கடினம். இதன் இரகசியம் அடிப்பாகத்தில் இருக்கிறது. அடி அரைக்கோளமாகவும் கனமாகவும், மேலுடல் கூம்பாகவும் இலேசாகவும் இருக்க வேண்டும். பொம்மையின் மொத்த எடையின் மையம், அந்த அரைக்கோளத்தின் வட்ட மையத்துக்குக் கீழே அமைந்துவிட்டால், பொம்மையைச் சாய்க்கும்போது எடை மையம் உயர்கிறது. விட்டவுடன் அது தாழ்ந்த நிலைக்கே திரும்ப விரும்புகிறது. பொம்மை எழுந்து நிற்கிறது. மேலுடலைக் கனமாகச் செய்துவிட்டால் படுத்த பொம்மை படுத்தபடியேதான் கிடக்கும்.

ஆகவே அடிக்குக் களிமண், மேலுக்குக் காகிதக் கூழ். இந்தக் காகிதக் கூழ் நம் பாட்டிமார் நன்கறிந்த பொருள். பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைப்பார்கள். வெந்தயத்தின் வழவழப்பு பசையாகிறது. அதன் கசப்பு பூச்சியைத் தள்ளி வைக்கிறது. கவிழ்த்த குடத்தின்மேலோ சருவத்தின்மேலோ ஈரத்துணி விரித்து, இந்தக் கூழை விரற்கடைக் கனத்துக்கு அப்பி, தட்டி, ஒருநாள் நிழலிலும் பிறகு வெயிலிலும் காயவிட்டுக் கழற்றினால் ஓர் அழகிய கூடை. வடகமும் அப்பளமும் வைக்க, தானியம் புடைத்துப் போட, பூத்தொடுக்கும்போது உதிரிப்பூ வைக்க என்று வீட்டில் இதற்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. இலேசாக இருக்கும், விழுந்தால் உடையாது. நெகிழிக் கூடை வந்தபின் இந்தக் கலை பரணுக்கு ஏறிவிட்டது. செலவைக் கணக்குப் பார்த்தால் ஒரு கைப்பிடி வெந்தயத்தின் விலையைத் தாண்டாது. இன்று ஆட்டுக்கல் இல்லாத வீட்டில் மிக்ஸியில் சிறிது சிறிதாக, தண்ணீர் தாராளமாக விட்டு அரைக்கலாம். கெட்டியாகப் போட்டால் மிக்ஸியின் மோட்டார் தாங்காது.

பொம்மைக்கு, அடி உருண்டையான ஒரு சிறு கிண்ணத்தின் உட்புறத்தில் எண்ணெய் தடவி, அதனுள் நன்கு பிசைந்த களிமண்ணை அழுத்தி நிரப்ப வேண்டும். சற்றே இறுகியதும் கவிழ்த்து எடுத்து, தட்டையான முகத்தின்மேல் கெட்டிக் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி வைத்து, வெளியே கூழை மெல்லியதாகப் பூசலாம். தலைக்குக் கசக்கிய காகித உருண்டை போதும், அதன்மேலும் கூழ்தான். ஈரமாக இருக்கும்போதே ஒருமுறை தள்ளிப் பார்க்க வேண்டும். எழவில்லையெனில் கூம்பைக் குட்டையாக்குவதே வழி. அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் களிமண் வெடிக்கும். நான்கைந்து நாள் நிழலில் காய்ந்தபின் சுண்ணாம்புப் பூச்சு ஒன்று, அதன்மேல் வண்ணம். கண்ணையும் நெற்றித் திலகத்தையும் கடைசியில் தீட்டுவது பொம்மைக்காரர் மரபு. அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு விலகி நிற்பது பெரியவர்களுக்குச் சற்றுச் சிரமந்தான். முகம் கோணினாலும் அந்தப் பொம்மைதான் கொலுப்படியில் விருந்தினர் கேட்டு வியக்கும் பொம்மையாகும்.

களிமண்ணைக் குளத்தில் நேரே அள்ளிக்கொண்டு வருவதைவிட, மண்பாண்டத் தொழிலாளரிடம் பிசைந்த மண்ணாகவே விலைக்கு வாங்குவது மேல். கல்லும் வேரும் நீக்கிய மண் கிடைக்கும். அவர்களுக்கும் ஒரு வருவாய். விநாயகர் சதுர்த்தியின்போதும் இதே மண்ணில் மர அச்சால் பிள்ளையார் பிடித்து, எருக்கம்பூ மாலை சாத்தி, ஈர்க்குச்சியும் வண்ணக் காகிதமும் கொண்டு ஒரு குடை செய்து வைத்தால் போதுமானது. ஆற்றில் கரையாத பிளாஸ்டர் பிள்ளையார் தேவையே இல்லை.

நெட்டி

குளத்திலும் ஏரியிலும் தேங்கிய நீரில் தானே வளரும் ஒரு செடி நெட்டி. மேல்தோல் பழுப்பு, அதைச் சீவினால் உள்ளே தந்தத்தை ஒத்த வெண்மை, கையில் எடுத்தால் எடையே தெரியாது. கூரிய கத்தி ஒன்றைக் கொண்டு இதைச் சீவியும் செதுக்கியும் ஒட்டியும் பெரிய கோயிலின் விமானத்தையே தளம் தளமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்திவிடுகிறார்கள் தஞ்சைக் கைவினைஞர்கள். 2020-ஆம் ஆண்டில் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும் அதே சமயத்தில் கிடைத்தது. வங்காளத்தில் இதே செடிக்குச் சோலா என்று பெயர். துர்க்கா பூஜையில் அன்னையின் வெண்ணிற அணிகலன்களும், மணமகன் தலையில் வைக்கும் முடியும் இதனால் ஆனவை. வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்கு அணிந்த சோலாத் தொப்பியும் இந்தச் செடியே.

படுகையின் சாதாரண வீடுகளுக்கு நெட்டியைக் கொண்டுவந்தது மாட்டுப் பொங்கல். நெட்டியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, வண்ணச் சாயத்தில் தோய்த்து, நாரில் கோத்து மாட்டுக்கு மாலையாகப் போடுவார்கள். மாடு மாலையைத் தின்றுவிட்டாலும் அது செடிதான். இன்று சந்தையில் தொங்கும் பளபளப்பான நெகிழி மாலையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அது பசுவின் வயிற்றில் தங்கிவிடும். கோபூஜை செய்கிறவர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுதான்.

உரித்த நெட்டித் தண்டு கிடைத்தால் வீட்டில் செய்யத் தக்கது எளிய பூ. தண்டைச் சுழற்றிக்கொண்டே கத்தியால் காகிதம்போல் மெல்லிய சுருளாகச் சீவி, அந்தச் சுருளின் ஓரத்தை இதழ்களாக நறுக்கி, மீண்டும் சுருட்டி அடியில் நூலால் கட்ட வேண்டும். முதல் பத்துச் சுருள் கிழியும். கத்தியின் கூர் குறைந்திருப்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். கத்தி பிள்ளைகள் கையில் வேண்டாம்; சாயம் தோய்ப்பதும் கோப்பதும் அவர்கள் பங்கு. மஞ்சளையும் குங்குமப்பூவையும் தொட்டு வண்ணம் ஏற்றிய நெட்டிப் பூச்சரம் சுவாமி படத்துக்கு ஓராண்டு வரை வாடாமல் இருக்கும். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கின் அருகே கட்டவே கூடாது, நொடியில் பற்றிக்கொள்ளும்.

இந்தச் செடி யாரும் பயிரிடாமல் வளர்வது. குளம் தூர்ந்தாலோ, ஆகாயத்தாமரை மூடினாலோ நெட்டிக்கு இடமில்லை. இடுப்பளவு நீரில் இறங்கி அதைப் பறித்து வந்து உலர்த்திக் கட்டுக் கட்டி விற்பதற்கும் ஆள்கள் வேண்டும். புவிசார் குறியீடு பெயரைக் காக்கும்; குளத்தைக் காக்க வேண்டியது ஊரார்தான்.

குருத்தோலைத் தோரணத்துக்கும் இப்படியொரு சோதனை வந்து போயிற்று. 2018 நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளின் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் வீழ்த்தியது. பிறகு நட்ட கன்றுகள் இப்போது காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. மரத்துக்கு ஒரே குருத்துதான்; அதை வெட்டினால் மரம் வாடும் என்பதால், தோரணம் கட்டுபவர்கள் விரியும் நிலையிலுள்ள ஓலையின் ஒருபுறத்தை மட்டும் எடுக்கத் தெரிந்தவரிடமே வாங்க வேண்டும். மங்கலத்துக்கு மடிக்கும் விதம் வேறு, துக்கத்துக்கு மடிக்கும் விதம் வேறு. யாழ்ப்பாணத்துத் தமிழரும் இந்த வேற்றுமையைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். வீட்டு விசேஷத்துக்கு மடிப்பதற்கு முன் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் ஒரு மடிப்பைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

சம்பா அறுவடை தை மாதத்தில் தொடங்கும். கதிர் வேண்டுவோர் வண்டி வயலில் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்பே உழவரிடம் சொல்லி வைக்க வேண்டும். வண்டி வந்த பிறகு கேட்டால் ஒரு தாளும் மிஞ்சாது. ஒரு வீட்டுக்கு இரண்டு கைப்பிடி போதும். அதற்கு விலை வாங்க மாட்டார்கள். வெற்றிலை பாக்கோடு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோவது மரியாதை. புதுக்கதிர் கட்டும் அன்று பழைய கொத்தை இறக்கி, எஞ்சிய மணியைக் குருவிக்கு மாடியில் தூவிவிட்டு, தாளைப் பசுவுக்குப் போட்டுவிடலாம். கட்டிய வாழைநாரை அவிழ்த்துவிட்டுப் போட வேண்டும்.